கை போனால் வேலையும் போக வேண்டுமா?

நம் நாட்டில் மனித உறுப்புகளுக்குப் பட்டியல் போட்டு எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923. அதன் பின்னால் இருக்கும் அட்டவணையில் பார்க்கலாம். வேலையில் அடிபட்டுக் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. நடுவிரலுக்கு 12. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. இரண்டு கைகளும் போனால் நூற்றுக்கு நூறு. 2010-ல் சட்டத்தின் பெயர் மாறியது. 2020-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு என்ற பெரிய சட்டத்துக்குள் அதையும் சேர்த்தார்கள். விரல் கணக்கு மட்டும் தொடர்கிறது.

நம் பகுதித் தொழிலுக்கும் இந்தப் பட்டியலுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அடுத்த ஆண்டு இங்கே தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு, பட்டாசு லேபிளுக்காக அச்சகம் என்று வளர்ந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். கூடவே வளர்ந்த காயங்களும் தெரியும்.

பட்டியலை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சட்டம் வருவதற்கு முன், முதலாளியின் தப்பால்தான் அடிபட்டது என்று தொழிலாளியே நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆனால் அது எழுதப்பட்ட காலத்தில் வேலை என்றால் உடம்பு. தூக்குவது, உருட்டுவது, அடுக்குவது. இன்று நம் ஊரைச் சுற்றி வேறு ஒரு வகைத் தொழிலாளிகளும் இருக்கிறார்கள். தலைக்குள் இருக்கும் வித்தையை வைத்து மெஷினை ஓட வைப்பவர்கள். அவர்களுக்கு அடிபட்டாலும் அதே பழைய கணக்கைத்தான் போடுகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி அடிபட்டவர் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை இன்று நிறைய இருக்கிறது. அதைத் தேடி அலையும் பொறுப்பை அவர் தலையில் கட்டக் கூடாது. அவர் வேலை பார்த்த நிறுவனம்தான் முதலில் அதைக் கொடுக்க வேண்டும். சட்டமும் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஆட்டோமேஷன் என்றதும் சென்னை, கோயம்புத்தூர் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஆலங்குளத்திலேயே 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு. எனக்கு வரும் தபாலில் பாதி அங்கே போய்விட்டுத்தான் வரும்.) விருதுநகர்ப் பக்கம் ஆர்.ஆர். நகரில் அதற்கும் முந்திய சிமெண்ட் ஆலை. ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்கள். சிவகாசியில் ஆஃப்செட் அச்சு இயந்திரங்கள், தீக்குச்சி செய்யும் இயந்திரங்கள். இவை ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். அதைப் பேனல் என்பார்கள். அதற்குள்தான் மெஷினின் மூளை இருக்கிறது.

முன்பெல்லாம் அந்தப் பெட்டி பீரோ அளவு இருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கில் ரிலேக்கள். ஒரு வேலையின் வரிசையை மாற்ற வேண்டுமென்றால் ஒயரைப் பிடுங்கி வேறு இடத்தில் மாட்ட வேண்டும். 1968-ல் அமெரிக்காவில் டிக் மோர்லி என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். ரிலேக்களுக்குப் பதில் ஒரு சிறு கணினி. ஒயரை மாற்ற வேண்டாம், புரோகிராமை மாற்றினால் போதும். அதைத்தான் பி.எல்.சி. என்கிறார்கள். பழைய எலக்ட்ரீஷியன்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, அந்தப் புரோகிராமையும் ரிலே ஒயரிங் படம் மாதிரியே ஏணிப்படி வடிவத்தில் எழுதும்படி செய்தார்கள். லேடர் டயகிராம் என்று பெயர் வந்தது அதனால்தான்.

சிமெண்ட் ஆலைச் சூளையில் சுண்ணாம்புக்கல் 1450 டிகிரி சூட்டில் வேகிறது. அதை யாரும் பக்கத்தில் நின்று பார்த்து ஓட்டுவதில்லை. தள்ளி ஒரு கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து திரையில் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. ஒவ்வொரு காற்றாடியின் அடியிலும் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதில்லை. எத்தனை யூனிட் ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்பதெல்லாம் எங்கோ தொலைவில் ஒரு திரையில் தெரிகிறது. ஆக, மெஷினுக்கும் அதைக் கவனிப்பவருக்கும் இடையில் தூரம் என்பது ஏற்கெனவே வந்துவிட்ட விஷயம். அது 200 அடியா, 200 கிலோமீட்டரா என்பதில்தான் வித்தியாசம்.

இதை நான் யோசிக்கத் தொடங்கியது எனக்குத் தெரிந்த ஒரு தம்பியால். பெயர் வேண்டாம், அவர் வேலை பார்த்த மில்லின் பெயரும் வேண்டாம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்து, பத்து வருஷத்துக்கு மேல் மில் பேனல்களோடு குடும்பம் நடத்தியவர். இரவு இரண்டு மணிக்கு மெஷின் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். ஒருநாள் கேபிள் வேலையாக மேலே ஏறியவர் சறுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மதுரையில் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. பிறகு வீடு, சக்கர நாற்காலி.

மில்லில் நல்ல மனிதர்கள்தான். பார்க்க வந்தார்கள், பணம் கொடுத்தார்கள், "வீட்ல ரெஸ்ட் எடு தம்பி, ஒண்ணும் யோசிக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சில மாதம் கழித்து ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக் கணக்கை முடித்தார்கள். அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தார். அந்தப் புதிய ஆள் முதல் ஆறு மாதமும் சந்தேகம் வந்தால் இவருக்குத்தான் போன் செய்தார். இவரும் கட்டிலில் படுத்தபடியே, எந்தப் பேனலில் எந்த வரிசையில் எந்த ஒயரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு ரூபாய் சம்பளம் இல்லாமல்.

"ஐயா, மெஷின் ஓடுறதுக்கு என் கால் எதுக்குங்கய்யா? புரோகிராம் எழுதுனது கால் இல்லையே" என்று ஒருநாள் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் இருந்தே முழு வேலையையும் செய்ய முடியுமா என்று திருப்பிக் கேட்டேன். அவர் வரிசையாகச் சொன்னதை இங்கே தருகிறேன். பேரன் பேத்திகள் இந்தத் துறையில் இருந்தால் அவர்களும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து செய்யக்கூடியவை: பி.எல்.சி. புரோகிராம் எழுதுவது, பேனலுக்கான ஒயரிங் படம் வரைவது, இயக்குபவர் பார்க்கும் திரைகளை வடிவமைப்பது, எந்த சென்சார் எந்த முனையில் சேர்கிறது என்ற பட்டியல் தயாரிப்பது, விலைப்புள்ளி போடுவது, உதிரிபாகக் கணக்கு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி, மெஷின் நின்றால் தொலைவிலிருந்து புரோகிராமைத் திறந்து எந்த நிபந்தனை நிறைவேறாமல் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது. எழுதிய புரோகிராமை உண்மையான மெஷின் இல்லாமலே கணினியில் ஓட்டிப் பார்க்க கோடெசிஸ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அவர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். கட்டம் கட்டமாக, ஒரு வேலை முடிந்தால் அடுத்த வேலை என்று கீழே இறங்கிக்கொண்டே போனது. இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று விசாரித்தால், 1977-ல் பிரான்சில் உருவான கிராஃப்செட் என்ற முறையின் வாரிசாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பிரெஞ்சில் 'எத்தாப்' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் நான் படித்த மொழி, எழுபது வயதுக்கு மேல் ஒரு மில் எலக்ட்ரீஷியன் கட்டிலில் என்னைத் தேடி வந்தது.

வீட்டிலிருந்து செய்ய முடியாதவற்றையும் அவரே சொன்னார். புதுப் பேனலை முதல் முறை ஓட்டும்போது ஆள் அங்கே இருந்தாக வேண்டும். ஒயர் தளர்ந்திருந்தால் முறுக்க ஒரு கை வேண்டும். மோட்டார் சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கருகல் வாசனை திரையில் வராது. ஆகவே ஒருவர் மட்டும் போதாது. மில்லில் ஒரு ஜோடிக் கை, வீட்டில் ஓர் அனுபவப்பட்ட மூளை, நடுவில் ஒரு போன். இந்த ஏற்பாட்டைத்தான் அவர் ஆறு மாதம் சும்மாவே செய்துகொண்டிருந்தார். அதற்குச் சம்பளம் போட்டிருந்தால் அதுவே வேலை.

பிறகு அவருக்கு வேலை கிடைத்தது. எப்படி? மனைவியின் தம்பிக்குத் தெரிந்தவர் ஒருவர் கோயம்புத்தூரில் பேனல் செய்து விற்கிறார். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று பேசி ஒயரிங் படம் வரையக் கொடுத்தார். மாதம் சில படங்கள் வரும், சில மாதம் வராது. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, விடுப்பு இல்லை. அதே படத்தை நடமாடும் ஆள் வரைந்தால் கிடைக்கும் கூலியைவிடக் குறைவு. "வீட்ல தானேப்பா உக்காந்திருக்க" என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அவர் முகம் மலர்ந்திருக்கிறது என்பது உண்மை. குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் மைத்துனருக்குத் தெரிந்தவர் ஒருவர் இல்லாமல் போயிருந்தால்? இதை ஒரு வழி என்று எப்படிச் சொல்வது?

அடிபட்ட பிறகும் பெரிய காரியம் செய்ய முடியும் என்பதற்கு நாம் தூரமாகப் போக வேண்டாம். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. அந்த ஊர் எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனபோது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. தமக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருக்கும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். இருவருமாக அதை எவ்வளவு பெரிய நிறுவனமாக வளர்த்தார்கள் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அதே தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011-ல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கு மென்பொருள் செய்யலாம் என்று காட்டியது. பிறகு கொரோனா வந்தபோது நாடே வீட்டிலிருந்து வேலை பார்த்தது. வங்கிக்காரர், வாத்தியார், வக்கீல் எல்லோரும். கை கால் நன்றாக இருந்தவர்களுக்காக இரண்டே வாரத்தில் செய்துகொடுத்த ஏற்பாட்டை, கால் போன ஒருவருக்காகச் செய்துகொடுக்க இத்தனை யோசனை ஏன் என்பது என் கேள்வி.

ராமகிருஷ்ணன் போன்றவர்களைக் காட்டி, "அவர் சாதிக்கவில்லையா, உனக்கென்ன?" என்று கேட்பது எனக்குப் பிடிப்பதில்லை. அசாதாரணமான மனிதர்களுக்குச் சட்டம் தேவையில்லை. சட்டம் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்குத்தான் தேவை.

நான் அரசு குமாஸ்தாவாக இருந்தவன். எனக்கு அப்படி ஒரு விபத்து நேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 1995-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்த பிறகு, பணியில் இருக்கும்போது ஊனமடைந்த அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அதுவும் இல்லையென்றால், இடம் காலியாகும் வரை அல்லது ஓய்வு பெறும் வரை கூடுதல் பணியிடம் ஒன்றை உண்டாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும். பணியில் காயமடைந்து கால் அகற்றப்பட்டதால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட குணால் சிங் என்ற காவலரின் வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2016-ல் வந்த புதிய சட்டத்தின் 20-வது பிரிவிலும் இது இருக்கிறது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். தனியார் துறைக்கு அதே சட்டம் சொல்வது, ஊழியர்களில் 5 சதவீதம் பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி முதலாளிகளுக்கு அரசு ஊக்கம் அளிக்க வேண்டும் என்பதுதான். ஊக்கம் என்பது வேறு, உரிமை என்பது வேறு. ஏசி இல்லாவிட்டாலும் மின்விசிறிக்குக் கீழே கோப்பு எழுதிய எனக்கு முழுப் பாதுகாப்பு. ஏணியில் ஏறிய தம்பிக்கு எதுவும் இல்லை. ஆபத்து அதிகமுள்ள இடத்தில் பாதுகாப்புக் குறைவு என்பது எந்த ஊர் நியாயம்?

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் சட்டங்களைப் புரட்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அங்கே 1898-லேயே வேலை விபத்துக்கு முதலாளி பொறுப்பு என்று சட்டம் வந்தது. முதல் உலகப்போர் முடிந்தபோது கை கால் இழந்த படைவீரர்கள் ஏராளம். பென்ஷன் கொடுத்து வீட்டில் உட்கார வைத்தால் போதாது என்று உணர்ந்து, 1924-ல் ஒரு சட்டம் போட்டார்கள். தனியார் நிறுவனங்களும் நூற்றுக்குப் பத்து என்ற விகிதத்தில் போரில் ஊனமுற்றவர்களை வேலைக்கு வைத்தாக வேண்டும். 1987-ல் அதை விரிவாக்கினார்கள். 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் 6 சதவீதம். வேலையில் அடிபட்டு நிரந்தர ஊனம் அடைந்தவர்களும் அந்தக் கணக்கில் வருவார்கள். வைக்காத நிறுவனம் ஒரு நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்து பயிற்சிக்கும் கருவிகளுக்கும் செலவு செய்கிறார்கள்.

அதனால் பிரான்ஸ் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆள் வைப்பதைவிடப் பணம் கட்டுவது சுலபம் என்று இருக்கும் நிறுவனங்கள் அங்கேயும் உண்டு. ஆனால் அங்கே ஒரு முதலாளி "எங்களுக்கென்ன?" என்று கேட்க முடியாது. ஒன்று வேலை, இல்லை பணம். இங்கே இரண்டும் இல்லாமல் ஒரு பழக்கூடையோடு முடித்துக்கொள்ள முடிகிறது.

முதலாளிகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வெளியிலிருந்து மில்லின் பேனலுக்குள் நுழைய ஒரு வழி திறந்தால், திருடனும் அதே வழியில் வரலாம். 2015 டிசம்பரில் உக்ரைனில் மின் நிலையங்களின் கணினிகளுக்குள் தொலைவிலிருந்து புகுந்து சுவிட்சுகளைத் திறந்துவிட்டார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நின்றது. இன்னொரு பயமும் சரியானதே. வீட்டில் இருப்பவர் தெரியாமல் மெஷினைக் கிளப்பிவிட்டால், அங்கே பல்சக்கரத்துக்குள் கை விட்டிருப்பவர் கதி என்ன? ஒருவர் ஊனத்துக்கு வழி தேடப்போய் இன்னொருவரை ஊனமாக்கிவிடக் கூடாது.

இரண்டுக்கும் வழி இருக்கிறது. தொலைவில் இருப்பவர் பார்க்கலாம், சொல்லலாம். கிளப்பும் சாவி மெஷின் பக்கத்தில் நிற்பவரிடம்தான் இருக்க வேண்டும். வெளி இணைப்பு எந்நேரமும் திறந்திருக்க வேண்டாம். தேவைப்படும்போது மில்லில் இருப்பவர் சுவிட்சைப் போட்டால் திறக்கட்டும், வேலை முடிந்ததும் அவரே மூடட்டும். வெளிநாட்டு மெஷின் வாங்கிய மில்களில் ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கம்பெனிக்காரர்கள் இப்படித்தான் உள்ளே வந்து பழுது பார்க்கிறார்கள். அவர்களுக்குத் திறக்கிற கதவை, பத்து வருஷம் உழைத்த சொந்த ஆளுக்குத் திறக்கத் தயங்க வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் சிலருக்கு ஒரு கேள்வி எழும். பட்டாசு ஆலையில் கை கருகியவருக்கு இதனால் என்ன லாபம்? நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலோருக்கு நேரடி லாபம் இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்ததை நாம் மறக்கவில்லை. 30-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் போனார்கள். அப்படிப்பட்ட விபத்துகளில் உயிர் பிழைத்தவர்களில் பலர் விரல்கள் சுருங்கிப்போய், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். அவர்களிடம் போய் கணினியில் புரோகிராம் எழுதுங்கள் என்பது கேலி. ஆனால் கொள்கை ஒன்றுதான். லேபிள் சரிபார்ப்பது, இருப்புக் கணக்கு, வாசலில் பதிவேடு, புதியவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் சொல்வது என்று அவர்களால் முடிந்த வேலைகள் ஒவ்வோர் ஆலையிலும் உண்டு. மருந்து கலக்கும் அறையின் ஆபத்தை வெந்தவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்?

நான் கேட்பது மூன்று.

ஒன்று, சட்டத்தின் 20-வது பிரிவில் அரசு ஊழியருக்கு இருக்கும் பாதுகாப்பு, குறைந்தபட்சம் நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கும் வர வேண்டும். சிறிய மில்லால் தாங்க முடியாது என்றால், முதல் இரண்டு வருஷச் சம்பளத்தில் ஒரு பங்கை இ.எஸ்.ஐ. நிதி ஏற்கட்டும்.

இரண்டு, ஒவ்வொரு தொழிற்சாலையும் தன்னிடம் உள்ள வேலைகளில் எவற்றை உட்கார்ந்தபடி செய்யலாம், எவற்றை வீட்டிலிருந்து செய்யலாம் என்று விபத்துக்கு முன்பே பட்டியல் போட்டு வைக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு யோசித்தால் இரக்கம்தான் முன்னால் வரும், வேலை வராது.

மூன்று, அந்த வேலைக்குக் கூலி மற்றவர்களுக்கு உள்ள அதே கூலி. இரக்கப்பட்டுக் கொடுக்கிறோம் என்பதற்காகக் குறைத்துக் கொடுப்பது இரக்கம் ஆகாது.

குடும்பத்தாருக்கும் சில வார்த்தைகள். கணக்கு முடிக்கும் காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். தொழிற்சங்கத்தையோ வக்கீலையோ காட்டிவிட்டுப் போடுங்கள். 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ.யில் வருவார்கள். விபத்து அறிக்கை முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு முடிவு செய்தால், இழப்பின் அளவுக்கு ஏற்ப மாதாமாதம் பணம் வரும். முழு ஊனமென்றால் சம்பளத்தில் 90 சதவீதம். வேறு வேலைக்குப் போனால் அது நின்றுவிடும் என்று பயந்து பலர் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார்கள். நிரந்தர ஊனத்துக்கான தொகை வேலைக்குப் போவதால் நிற்காது. வேலைக்குப் போகாமல் இருந்தால்தான் தருவோம் என்ற நிபந்தனை தற்காலிக உதவித்தொகைக்கு மட்டுமே.

வீட்டிலிருந்து வேலை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று யார் போன் செய்தாலும் நம்பாதீர்கள். சம்பளம் கொடுப்பவன் நம்மிடம் பணம் கேட்க மாட்டான். முதுகில் அடிபட்டவர் கணினி முன் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரும். உணர்ச்சி இல்லாததால் அவருக்கே தெரியாது. அடிக்கடி உடம்பைத் தூக்கி உட்கார வீட்டில் உள்ளவர்கள் நினைவூட்ட வேண்டும். வேலை முக்கியம், உடம்பு அதைவிட முக்கியம்.

இதைப் படிக்கும் உங்களில் பலருடைய பிள்ளைகள் இன்று மில் நடத்துகிறார்கள், அச்சகம் வைத்திருக்கிறார்கள், மேனேஜராக இருக்கிறார்கள். சட்டம் மாறும்போது மாறட்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள். "நம்ம ஆலையில அடிபட்டுப் போனவங்க எத்தனை பேருப்பா? இப்ப என்ன செய்றாங்க?" பதில் தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த முறை மெஷின் பழுதாகி வெளியூர் ஆளுக்குப் போன் போடும் முன், அந்தப் பழைய ஆளுக்கு ஒரு போன் போடட்டும். பேசிய நேரத்துக்குக் கூலியும் கொடுக்கட்டும்.